லேப்டாப் கீபோர்டு: எழுத்து எங்கே இருக்கிறது?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் திரையையும் பேட்டரியையும் துருவிப் பார்ப்பார்கள்; கீபோர்டில் நாலு எழுத்தைத் தட்டிவிட்டுப் பணத்தை எடுப்பார்கள். முதலில் என்டர் கீயைப் பாருங்கள். படுத்த செவ்வகமாக இருந்தால் அமெரிக்க அமைப்பு. இங்கே புதிதாக விற்பவை பெரும்பாலும் அதுதான். இரண்டு வரிசை உயரத்துக்கு நின்றால் பிரிட்டனிலோ ஐரோப்பாவிலோ ஓடிய மெஷினாக இருக்கலாம். பிரிட்டிஷ் அமைப்பில் @ குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறியிருக்கும்.

அதனால் வாங்கக் கூடாது என்றில்லை. கீயின் மேல் இருப்பது வெறும் பெயின்ட். எந்த இடத்துக் கீ அழுந்தியது என்ற எண் மட்டுமே உள்ளே போகிறது. அதை எழுத்தாக்குவது விண்டோஸ். செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய், கையிலுள்ள கீபோர்டுக்குப் பொருந்தும் அமைப்பைச் சேர்த்தால் போதும். 4-இல் ₹ அச்சிட்டிருந்தும் வரவில்லையா? அமெரிக்க அமைப்பு ஓடுகிறது. 'இங்கிலீஷ் இந்தியா'வுக்கு மாற்றி, வலது ஆல்ட்டோடு 4-ஐ அழுத்துங்கள்.

தமிழ் அச்சிட்ட கீபோர்டைத் தேடிக் கடை கடையாக அலையவும் வேண்டாம். அதே இடத்தில் தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு அமைப்பைச் சேர்த்து, விண்டோஸ் கீ + ஸ்பேஸ் தட்டி மாறிக்கொள்ளலாம். ஏ கீயில் அ, எச் கீயில் க, எஃப் கீயில் புள்ளி. எஃப், ஜே இரண்டிலும் உள்ள மேடு விரலுக்கு வழி சொல்லும்.

எஃப்5 அழுத்தினால் பக்கம் புதுப்பிக்காமல் வெளிச்சமோ சத்தமோ மாறுகிறதா? லெனோவா, டெல் மாடல்கள் பலவற்றில் எஃப்என் + எஸ்கேப் அதைத் திருப்பிவிடும். சின்னப் பழைய மாடல்களில் யு, ஐ, ஓ அடித்தால் 4, 5, 6 வந்தால் நம்லாக் ஆன் ஆகியிருக்கிறது. எக்செல்லில் அம்புக்குறி கட்டத்தை விட்டு ஷீட்டையே நகர்த்தினால் ஸ்க்ரோல் லாக்.

கீ வேலை செய்யவில்லை என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுமுன் ஃபில்டர் கீஸ் என்ற விண்டோஸ் வசதி ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். வலது ஷிஃப்ட்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் அது கிளம்பும். பிறகு லேசான தட்டல்களை விண்டோஸ் கண்டுகொள்ளாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது சகஜம்.

கடையிலேயே சோதிக்க, விண்டோஸ் + கன்ட்ரோல் + ஓ அழுத்தினால் திரையில் கீபோர்டு வரும். ஒவ்வொரு கீயாக அழுத்துங்கள். அழுந்தியது அங்கே நிறம் மாறும். ஒரே ஒரு கீ செத்திருந்தால் அடியில் அழுக்காக இருக்கலாம். நாலைந்து கீ சேர்ந்து செத்திருந்தால் உள்ளே மின் தடமோ ரிப்பன் கேபிளோ போயிருக்கும், துடைத்துப் பயனில்லை. மெல்லிய மாடல்கள் பலவற்றில் கீபோர்டு மேல்மூடியோடு ரிவெட் அடித்திருக்கும், மாற்றினால் மூடியோடுதான். அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.