உப்பு பூத்த சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு: ராயபுரத்திலிருந்து ஒரு செய்முறை

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் காசிமேட்டு மீன்வாடை வரும். தாத்தா கட்டிய வீடு, செங்கல்லும் சுண்ணாம்பும். பிற்காலத்தில் அப்பா 'வலுவாக இருக்கட்டும்' என்று சுவர் முழுக்க சிமெண்ட் பூசினார். அதிலிருந்து ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் இடுப்பு உயரத்துக்கு உப்பு பூக்கும், பெயிண்ட் அப்பளம்போல் எழும்பும். ஓதத்தால், அதாவது தரையிலிருந்து சுவரில் ஊறி ஏறும் ஈரம் சிமெண்டைத் தாண்டி எளிதில் வெளியேறாது. உள்ளே தங்கிய உப்பு படிகமாகும்போது செங்கல்லையே பொடிக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். அரிபடுவது பூச்சாக இருக்கும், செங்கல் தப்பிக்கும்.

முதலில் சிமெண்டைப் பெயர்க்க வேண்டும். உளியும் சுத்தியலும் போதும். இயந்திரம் வேண்டாம், பழைய செங்கல் மிருதுவானது, அதிர்ச்சியில் உடையும். இணைப்புகளை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி விடுங்கள். வெளியே தெரியும் உப்பைத் தென்னை நார்த் துடைப்பத்தால் உலர்வாகத் தட்டி, விழுந்த பொடியை அள்ளி அப்புறப்படுத்துங்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போகும். பிறகு சில வாரங்கள் சுவரைச் சும்மா விடுங்கள்.

சுண்ணாம்பு: நான் கிளிஞ்சல் சுண்ணாம்பைத்தான் வாங்குவேன். பழவேற்காட்டு ஏரிக் கிளிஞ்சல் நமக்குப் பக்கம்தானே. சுட்ட கிளிஞ்சலைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நீற்ற வேண்டும். அதன்மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. தொட்டி கொதிக்கும், தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டே போகாதீர்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். நீற்றியதைச் சல்லடையில் வடிகட்டி, மேலே தண்ணீர் நிற்கும்படி இரண்டு மூன்று வாரமாவது ஊற விடுங்கள். நீறாத துண்டு ஒன்று தப்பினாலும், பூசிய பிறகு அந்த இடம் பொரிந்து தெறிக்கும்.

மணல்: கடற்கரை மணல் பக்கமே போகாதீர்கள். ஆற்று மணலாக இருந்தாலும் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். மேல்பூச்சுக்கு 1:2, சலித்த மணல். கடுக்காய் ஊறிய தண்ணீரில் வெல்லம் கரைத்துச் சேர்ப்பது இந்த ஊர் வழக்கம், நானும் சேர்த்தேன்.

இனி, நான் தோற்ற இடம். முதல் முறை ஏப்ரலில் கிழக்குச் சுவரில் காலை வெயிலிலேயே பூசினேன். மத்தியானம் கடற்காற்று எழுந்தது. மறுநாள் காலை சுவர் வற்றிய ஏரியின் தரைபோல வெடித்திருந்தது. விரலால் தட்டினால் மாவாக உதிர்ந்தது. அதைப் பார்த்த தண்டையார்பேட்டைக் கொத்தனார் பெரியவர், "தம்பி, இது காயக் கூடாது, ஆற வேண்டும்" என்றார். விஷயம் அதுதான். சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போதே காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. சட்டென்று காய்ந்தால் அந்த வேலை பாதியில் நின்றுவிடும்.

ஆகவே இரண்டாம் முறை, பிப்ரவரியில், இப்படிச் செய்தேன். முதல் நாள் மாலையே சுவரை நனைத்தேன். பூசும் முன் மறுபடி நனைத்தேன். தண்ணீர் வழியக் கூடாது, செங்கல் குடித்து முடித்திருக்க வேண்டும். கிழக்குச் சுவரில் வெயில் விலகிய பிறகு, மூன்று மணிக்கு மேல் தொடங்கினேன். ஒவ்வொரு பூச்சும் சுமார் 10 மி.மீ., அதற்குமேல் கனமில்லை. பூசியதும் நனைத்த கோணிச் சாக்குகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கயிற்றில் தொங்கவிட்டேன். சாக்கு சுவரில் ஒட்டினால் பூச்சு அதோடு கழன்று வரும். ஒரு வாரம், நாளுக்கு மூன்று நான்கு முறை, செடிக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானால் பனிபோல் தெளித்தேன். குழாய் வைத்து அடித்தால் சுண்ணாம்பு வழிந்தோடிவிடும். அடுத்த பூச்சு அதன்பிறகுதான்.

தேய்க்க மணியாசுக்கட்டை (பூச்சைச் சமன்படுத்தும் தட்டையான கைப்பிடிக் கட்டை) போதும், அதுவும் மரத்தாலானது. இரும்புக் கரணையால் மழமழவென்று இழைத்தால் பார்க்க அழகு. ஆனால் மேற்பரப்பு மூடிக்கொண்டு, உள்ளே காற்று போகாது. இந்த விஷயத்தில் என் வீட்டிலேயே என்னோடு யாரும் ஒத்துப்போவதில்லை.

பின்சேர்க்கை: திருவொற்றியூரிலிருந்து ஒருவர், சீக்கிரம் இறுக ஒரு கைப்பிடி சிமெண்ட் கலக்கலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம், தப்பிக்க நினைத்த சிக்கலையே வீட்டுக்குள் அழைத்து வருவதாகும். இன்னொருவர் ஒரு மாதத்தில் வெள்ளைப் பஞ்சுபோல உப்பு பூத்ததாகப் பதறியிருந்தார். பயம் வேண்டாம், சுவர் உப்பைத் துப்புகிறது. உலர்வாகத் துடைத்தால் போதும். அதன்மேல் மட்டும் எமல்ஷன் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். நீர்க்கக் கரைத்த சுண்ணாம்பில் மூன்று நான்கு கை வெள்ளையடியுங்கள்.