மார்பில் சிறு பருக்கள் வந்தால்

கோலாலம்பூர் புழுக்கத்தில், வியர்வையில் ஊறிய பிராவை மாலைவரை போட்டிருந்தால் மார்பில் பரு வருவது சகஜம். முலைக்காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் தெரியும் சின்ன மேடுகள் பரு அல்ல, எண்ணெய்ச் சுரப்பிகள். அவற்றை நோண்டாதீர்கள்.

மயிர்க்காலில் சிவந்த பரு என்றால், சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, 10 முதல் 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். நாளுக்கு மூன்று நான்கு முறை. பிதுக்கினால் சீழ் உள்ளே பரவும், தழும்பும் மிஞ்சும். பற்பசையும் வேண்டாம், தோல் எரிந்துவிடும். பார்மசியில் கிடைக்கும் பென்சாயில் பெராக்சைடைக் காம்பில் படாமல் மெல்லப் பூசலாம்; துணியை வெளுத்துவிடும், பழைய பிராவே போதும். பாலூட்டும் தாய்மார் மருத்துவரைக் கேட்காமல் எதையும் பூச வேண்டாம்.

மார்புக்கு அடியில் மடிப்பில் ஈரச் சிவப்பும் அரிப்பும் இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். குளித்ததும் ஒற்றித் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் குளோட்ரிமசோல் கிரீம் தடவுங்கள். பருத்தி பிரா அணியுங்கள், வியர்த்தால் மாற்றுங்கள்.

காய்ச்சல், பரவும் சிவப்பு, தோலுக்கடியில் கட்டி, ஆரஞ்சுத் தோல் போன்ற குழிகள், காம்பில் இரத்தக் கசிவு, ஆறாத செதில்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிளினிக்குக்குப் போய்விடுங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத பருவும் அப்படியே.