எரியும் பட்டனும் தெரியாத எழுத்தும்: லைட் வைத்த புஷ்பட்டனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெஷினின் கன்ட்ரோல் பேனல் டிசைன் செய்யும்போது பட்டனை எல்லாரும் எரிகிற நிலையில்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். கேட்லாக் படத்திலும் அது பச்சையாகவோ சிவப்பாகவோ பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும், நடுவில் எழுத்து அழகாகத் தெரியும். ஆனால் மெஷினில் மாட்டிய பிறகு அதே பட்டன் பாதி நேரம் அணைந்துதான் கிடக்கும். அப்போது அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாவிட்டால் பழைய ஆபரேட்டர் பழக்கத்தில் அழுத்துவார், புதிதாக வந்தவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு அழுத்துவார். யாரும் இல்லாத நைட் ஷிஃப்டில் என்ன செய்வார்? அதனால் அணைந்திருக்கும் பட்டனை முதலில் டிசைன் செய்யுங்கள், வெளிச்சத்தை அப்புறம் பார்க்கலாம்.

இதை மறந்துவிட்டுச் செய்யும் முதல் தவறு, எரிந்தால் மட்டும் தெரிகிற எழுத்தை எல்லா பட்டனிலும் வைப்பது. பட்டனின் முகத்தில் இருக்கும் கறுப்பு லென்ஸுக்குப் பின்னால் எழுத்து ஒளிந்திருக்கும், பேனல் சுத்தமாக, விலை உயர்ந்ததாகத் தெரியும், வாங்குபவருக்கும் பிடிக்கும். எச்சரிக்கை காட்டுவதற்கு இது நல்ல முறைதான், ஆனால் அழுத்த வேண்டிய பட்டனின் பெயரையே இப்படி ஒளித்து வைத்தால் எதை அழுத்துவது என்று எப்படித் தெரியும்? ஏர்பஸ் விமானத்தில் விமானிகளின் தலைக்கு மேலே இருக்கும் பேனலைப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் விளக்குகள் பெரும்பாலும் அணைந்திருக்க வேண்டும் என்பதுதான் அங்கே கொள்கை. ஜெனரேட்டர் பட்டனில் கோளாறு வந்தால் ஆம்பர் நிறத்தில் 'ஃபால்ட்' எரியும், விமானி அதை அணைத்து வைத்தால் வெள்ளையில் 'ஆஃப்' எரியும், இரண்டும் இல்லையென்றால் பட்டன் இருட்டு. ஆனால் அது எந்த ஜெனரேட்டர் என்கிற பெயர் பட்டனில் இல்லை, பேனலின் மேலேயே நிரந்தரமாக அச்சிட்டிருக்கும். மாறுவது லென்ஸுக்குள்ளே, மாறாதது பேனலில். நம் ஊர் பம்ப் பேனலுக்கும் இந்தப் பிரிவினை அப்படியே பொருந்தும்.

அடுத்து எழுத்தின் அளவு. சுமார் 70 செ.மீ. தூரத்தில் நின்று வசதியாகப் படிக்க எழுத்து ஏறத்தாழ 4 மி.மீ. உயரம் வேண்டும், இரண்டடி பின்னால் நின்று பார்ப்பவருக்கு இன்னும் பெரிதாக. 22 மி.மீ. பட்டனின் முகத்தில் எழுத உண்மையில் கிடைக்கும் இடம் அந்த 22 மி.மீ.யைவிடக் குறைவு. அதற்குள் "கூலன்ட் பம்ப் இயக்கு" என்று மூன்று வரியில் திணிப்பதால் யாருக்கும் லாபமில்லை. பட்டனில் ஒரு குறியீடோ ஒரே ஒரு சொல்லோ போதும், மீதியைப் பக்கத்தில் லெஜண்ட் பிளேட்டில் (பேனலில் ஒட்டும் பெயர்ப் பட்டையில்) போடலாம். தமிழில் லேபிள் போடுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எரிகிற எழுத்து இருட்டுப் பின்னணியில் ஊதித் தெரியும், கண்ணின் இயல்பு அது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் 'ணி', 'ஞ', 'ஷ' போன்றவற்றின் உள் சுழிகள் வெளிச்சத்தில் அடைபட்டுப் போகும், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். எனவே எழுத்து எரிகிறது என்றால் மெல்லிய கோடு, எழுத்து கறுப்பாக நின்று பின்னணி எரிகிறது என்றால் கொஞ்சம் தடித்த கோடு. ஒரே ஃபான்ட்டை இரண்டுக்கும் போடாதீர்கள்.

லெஜண்ட் பிளேட்டைப் பட்டனுக்குக் கீழே ஒட்டுவதும் அடிக்கடி பார்க்கிற ஒன்று. இடுப்பு உயரத்தில், மார்பு உயரத்தில் இருக்கும் பட்டனை அழுத்தக் கை போகும்போது அந்த எழுத்தைக் கையே மறைத்துவிடும். மேலே ஒட்டுங்கள், அவ்வளவுதான். பெயரை, கழற்றக்கூடிய கேப்பில் (பட்டனின் மேல் மூடியில்) மட்டும் எழுதுவது இதைவிட மோசம். விளக்கு மாற்றவோ துடைக்கவோ நான்கு கேப்பை ஒன்றாகக் கழற்றி, இரண்டை இடம் மாற்றிப் போட்டுவிட்டால் 'மேலே'யும் 'கீழே'யும் மாறிப்போகும், வயரிங்கில் ஒரு தவறும் இருக்காது.

நிறத்துக்கு வருவோம். பச்சை ஓட, சிவப்பு நிற்க என்பது கைப்பழக்கமாகிவிட்டது, மெஷின்களின் மின் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலை ஐஇசி 60204-1-உம் அதை அனுமதிக்கிறது. ஆனால் ஓட்டுவதற்கு வெள்ளையையும் நிறுத்துவதற்குக் கறுப்பையும்தான் அது விரும்புகிறது, எமர்ஜென்சி ஸ்டாப்புக்கு அருகில் இன்னொரு சிவப்பு பட்டன் வேண்டாம் என்கிறது. ஒரே பட்டனை ஒரு தடவை அழுத்தினால் ஓடி, மறு தடவை அழுத்தினால் நிற்கும்படி வைத்தால் அதில் சிவப்பு, மஞ்சள், பச்சை எதுவுமே கூடாது. இந்த விதியை மீறிய பேனல்கள் ஏராளம். எமர்ஜென்சி ஸ்டாப்பின் சிவப்பு, உள்ளே விளக்கு எரிவதை நம்பி இருக்கக் கூடாது என்பதும் அதே தரநிலைதான். விளக்கு போனாலும் அது சிவப்பாகவே தெரிய வேண்டும்.

சிவப்பு லென்ஸுக்குப் பின்னால் வெள்ளை எல்ஈடி போடுகிறவர்கள் உண்டு, ஒரே வகையை ஸ்டாக் வைத்தால் போதுமே என்று. பழைய இழை பல்புக்கு அது சரிப்பட்டது, அதன் ஒளியில் சிவப்பு நிறைய இருந்தது. சாதாரண வெள்ளை எல்ஈடி அடிப்படையில் நீல எல்ஈடிதான், மேலே பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் மீதி நிறங்களைத் தருகிறது, அடர் சிவப்பு அதில் குறைவு. லென்ஸ் அந்தக் கொஞ்சத்தை மட்டும் வெளியே விடும், பட்டன் மங்கித் தெரியும். சிவப்பு லென்ஸுக்குச் சிவப்பு எல்ஈடி, பச்சைக்குப் பச்சை. நிறத்தை மட்டுமே நம்பவும் கூடாது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. மற்ற மக்களிடம் விகிதம் குறைவு என்றாலும் ஒரு தொழிற்சாலைக்கு ஒருவராவது இருப்பார் என்று வைத்தே டிசைன் செய்ய வேண்டும்.

வெயிலில் நிற்கும் பேனல் தனி விஷயம். நேர் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), ஆபீஸ் விளக்கு 500 லக்ஸ் அளவுதான். வெயில் லென்ஸுக்குள் போய்த் திரும்பினால் அணைந்த விளக்கு எரிவது போலத் தெரியும், இது எரிகிற விளக்கு தெரியாமல் போவதைவிட ஆபத்தானது.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: எரிகிற விளக்கு எதைச் சொல்கிறது? கட்டளை போனதையா, வேலை நடந்ததையா? 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு அழுத்த நிவாரண வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்துவிட்டது, ஏனென்றால் அந்த விளக்கு வால்வை இயக்கும் மின்காந்தச் சுருளான சொலினாய்டுக்குப் போகும் மின்சாரத்தைத்தான் பார்த்தது, வால்வைப் பார்க்கவில்லை. மூடிவிட்டது என்றே ஆபரேட்டர்கள் நினைத்தார்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. அதே அறையில், மூடியிருக்கக் கூடாத வேறொரு வால்வின் விளக்கை மெயின்டனன்ஸ் அட்டை ஒன்று மறைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அட்டை மாட்ட இடம் ஒதுக்காமல் பேனல் வரைகிற நாம் எல்லோரும் யோசிக்க வேண்டிய விஷயம் அது.

நம் பேனலிலும் இதே தவறு சின்ன அளவில் நடக்கிறது. ஸ்டார்ட் பட்டனின் விளக்கைக் கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்த சுவிட்ச்) காயிலோடு பேரலலாகப் போட்டுவிடுகிறோம். காயில் எரிந்து அறுந்து போனாலும் வோல்டேஜ் வந்தால் விளக்கு எரியும், மோட்டார் அசையாமல் நிற்கும். கான்டாக்டர் உண்மையில் இழுத்தால் மட்டும் மூடும் அதன் ஆக்ஸிலரி கான்டாக்ட் வழியாக விளக்கைக் கொடுங்கள். தண்ணீர் வருகிறதா என்பதே முக்கியம் என்றால் தண்ணீர் ஓடினால் மட்டும் இணையும் ஃப்ளோ சுவிட்ச் வழியாகக் கொடுங்கள், பம்பின் பெல்ட் அறுந்தால் அதுதான் காட்டிக்கொடுக்கும். லேபிளும் இதோடு ஒத்துப்போக வேண்டும். 'ஆட்டோ' என்று எழுதிய பட்டன் எரிந்தால் இப்போது ஆட்டோவில் இருக்கிறதா, அழுத்தினால் ஆட்டோவுக்குப் போகுமா? 'ஆட்டோ', 'மேனுவல்' இரண்டையும் எழுதி, எது நடப்பில் இருக்கிறதோ அதன் எழுத்தை மட்டும் எரிய விடுங்கள்.

அணைய வேண்டிய விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருப்பதும் உண்டு. 230 வோல்ட் ஏசியில் 100 மீட்டர் கேபிள் இழுத்திருந்தால், கேபிளின் உள் வயர்களுக்கு (கோர்களுக்கு) இடையே மின்தேக்குத் திறன் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், சுவிட்ச் திறந்திருக்கும்போதே சுமார் 0.7 மில்லிஆம்ப் கசியும். பழைய பல்பு இதைக் கண்டுகொள்ளாது, எல்ஈடிக்கு இது போதும், இருட்டில் எழுத்தே தெரியும் அளவுக்கு எரியும். கசிவைத் தாங்கும் எல்ஈடி மாட்யூல் வாங்குங்கள், இல்லையென்றால் விளக்கை 24 வோல்ட் டிசிக்கு மாற்றுங்கள்.

லேம்ப் டெஸ்ட் பட்டன் ஒன்று கட்டாயம் வேண்டும். டையோடு போட்டு எல்லா விளக்கையும் ஒன்றாக எரிய வைக்கும் பழைய சர்க்யூட்டே போதும். ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் ஆபரேட்டர் அதை அழுத்திப் பார்க்கட்டும். பேனலை அனுப்புவதற்கு முன்பு மெயினை அணைத்து, ஆபரேட்டர் நிற்கும் இடத்தில் வேறொருவரை நிற்க வைத்து ஒவ்வொரு பட்டனின் பெயரையும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் பட்டனை மாற்றுங்கள்.