‘ஒரு எழுத்துதானே அண்ணே’: பள்ளிக்கூடம் திறக்கும் முன் செய்யக் கூடாதவை

அழகர் ஆற்றில் இறங்கி, மண்டகப்படி எல்லாம் முடித்து மலைக்குத் திரும்பிய பிறகுதான் எங்கள் பக்கம் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூட ஞாபகமே வரும். மேலூரில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். மே மாதம் முழுக்க மஞ்சள் பையோடு குடும்பம் குடும்பமாக வருவார்கள். பையைக் கவிழ்த்தால் ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, எப்போதோ கட்டிய கரண்ட் பில், மூலை மடங்கிய நாலு போட்டோ.

தண்ணீர் பாட்டில் மறந்தது, நோட்டுக்கு அட்டை போடாதது எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது வேறு.

பெயர்

போன வாரம் ஒரு தம்பி மகளுக்கு எல்.கே.ஜி. ஃபாரம் நிரப்ப வந்தார். பிறப்புச் சான்றிதழில் குலசாமி பெயர். ஆதாரிலும் அதேதான், ஆனால் இங்கிலீஷில் ஒரு ‘ஹெச்’ கூடுதல். ஃபாரத்தில் எழுதச் சொன்னதோ வீட்டில் கூப்பிடுகிற பெயர்.

“தம்பி, மூணும் மூணு விதமா இருக்கே?”

“ஒரு எழுத்துதானே அண்ணே, பின்னாடி ஸ்கூல்ல மாத்திக்கலாம்.”

இதைக் கேட்டாலே எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஒரு காலத்தில் இதே வார்த்தையைச் சொன்னவன் நான்.

என் மகள் பெயர் ‘ச’வில் ஆரம்பிக்கும். தமிழில் வம்பே இல்லை. இங்கிலீஷில்தான் ‘எஸ்’ஸா, ‘எஸ்ஹெச்’சா என்று தகராறு. பிறப்புச் சான்றிதழில் ‘எஸ்’. சேர்க்கையின் கடைசி நாளில், வரிசையில் நின்றபடி, முன்னால் நின்றவர் முதுகில் காகிதத்தை வைத்து நான் எழுதியது ‘எஸ்ஹெச்’. அது பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். அந்த ஃபாரம் பள்ளிப் பதிவேட்டில் ஏறியது, அங்கிருந்து எமிஸில் (மாணவர் விவரங்களை ஏற்றும் அரசின் இணையதளம்), எமிஸிலிருந்து டி.சி.யில். ஆறாம் வகுப்புக்குப் பள்ளி மாறியபோது புதுப் பள்ளி டி.சி.யைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டது. பத்தாம் வகுப்பில், தேர்வுக்கு அனுப்பும் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். கடையில் கூட்டம். படிக்காமல் போட்டேன்.

மார்க் ஷீட்டில் அச்சாகி வந்துவிட்டது. ஆதார் ஒரு பெயர், பேங்க் கணக்கு அதே பெயர், மார்க் ஷீட் வேறு பெயர். உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. அந்த வருஷப் பணம் போனது போனதுதான். மார்க் ஷீட்டைத் திருத்த வேண்டுமானால் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்குப் போக வேண்டும், அதற்கு ஆயிரம் ஆதாரம். கெஜட்டில் மாற்றலாம் என்றால், பழைய மார்க் ஷீட் அப்படியேதான் இருக்கும், கெஜட் நகலைக் காலமெல்லாம் கூடவே தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். கடைசியில் மார்க் ஷீட்டை விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்ற மாதிரி மாற்றினேன். கடையைப் பூட்டிவிட்டு அலைந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வாரம் தேறும். ஊருக்கே ஃபாரம் நிரப்புகிறவர் மகளுக்கு இந்தக் கதி என்று வீட்டுக்காரம்மா இன்றைக்கும் குத்திக் காட்டுவார்.

ஆகவே முதலில் பிறப்புச் சான்றிதழை எடுங்கள். எங்கள் பக்கம் நிறையப் பேருக்கு அதில் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். குலசாமி கோயிலில் மொட்டை போட்டு, காது குத்தி, பெயர் வைப்பதற்குள் பிறப்புப் பதிவு முடிந்திருக்குமே! பதிவு செய்த 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதன் பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். அதை முடித்துவிட்டு ஆதார், அப்புறம்தான் பள்ளி ஃபாரம், அதுவும் எழுத்துக்கு எழுத்து பார்த்து. இனிஷியல் முன்னாலா பின்னாலா, அப்பா பெயர் முழுசாகவா என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் செல்லும். எங்கள் அப்பா, சித்தப்பா, அத்தை மூவருக்கும் ஜூனில்தான் பிறந்தநாள். தலைக்கு மேலே கையை வளைத்துக் காதைத் தொட்டால் போதும், வாத்தியாரே ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். அந்த வசதி இப்போது இல்லை.

அந்தத் தம்பி முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் போனார். பரவாயில்லை.

லேமினேஷன்

ஒரிஜினலுக்கு வேண்டாம்.

டி.சி. வரவில்லை என்று காத்திருப்பது

பழைய பள்ளி இழுத்தடிக்கிறது என்று பிள்ளையை வீட்டில் உட்கார வைக்காதீர்கள். 8-ம் வகுப்பு வரை, அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ, டி.சி. தாமதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது.

சீருடை

அளவாகத் தைக்காதீர்கள். உள்ளே இரண்டு இஞ்ச் மடித்துவிடச் சொல்லுங்கள். மதுரையில் புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பழைய தையல்காரர்களிடம் போனால் இதைச் சொல்லவே வேண்டாம், பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர்களே விட்டுவிடுவார்கள். அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைக்கு 8-ம் வகுப்பு வரை 4 செட் அரசே தரும். ஆனால் முதல் நாளே நாலும் கைக்கு வந்துவிடும் என்று நம்பிப் போன வருஷத்துச் சட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நோட்டு

பள்ளியில் லிஸ்ட் தரட்டும்.

வருமானச் சான்றிதழ்

சாதிச் சான்றிதழ் மாதிரி ஒரு தடவை வாங்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். இது வருஷா வருஷம் புதிதாக வாங்க வேண்டியது. ஆன்லைனில் நான் விண்ணப்பம் போட அஞ்சு நிமிஷம். அதன் பிறகு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று அது மேசை மேசையாகப் போக வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் வந்து “அண்ணே, நாளைக்கே கடைசி நாளு” என்று நின்றால் நான் என்ன செய்ய? என் மேசையில் இருப்பது பிரிண்டர் மட்டும்தான்.