புகையிலை சாகுபடி: தக்காளி வளர்த்த பழக்கத்தில் செய்யும் தவறுகள்

தக்காளி, கத்தரி, மிளகாய் இவற்றின் குடும்பத்துச் செடிதான் புகையிலை. ஆனால் அவற்றில் காய்க்காகப் பாடுபடுகிறோம், இதில் இலைக்காக. அந்த இலைக்கும் வெறும் எடையை வைத்து மதிப்பில்லை. நிறம், மணம், சீராக எரிகிறதா என்பதையெல்லாம் பார்ப்பார்கள். காய்கறி வளர்த்துப் பழகிய கை இங்கே சறுக்குவது அதனால்தான்.

முதல் சறுக்கல் நாற்றங்காலிலேயே நடக்கிறது. ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கும். உள்ளங்கையில் கொட்டினால் மூக்குப்பொடி சிந்தியது போலத் தெரியும். இதை மண்ணுக்குள் புதைத்தால் முளைப்பது கஷ்டம், வெளிச்சம் பட வேண்டும். மணலோடு கலந்து மேலாகத் தூவி, பூவாளியால் மெதுவாக நனைத்தால் போதும். நெருக்கமாகத் தூவி நீரையும் தேக்கினால் நாற்றழுகல் வந்துவிடும்.

அடுத்தது, ஒரே நிலத்தில் திரும்பத் திரும்பப் போடுவது. 1612 வாக்கில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஆங்கிலேயக் குடியேறி ஜான் ரோல்ஃப் தொடங்கி வைத்த புகையிலைச் சாகுபடி பணத்தைக் கொட்டியது, மண்ணின் சத்தையும் உறிஞ்சியது. சில ஆண்டுகளில் நிலம் சோர்ந்ததும் குடியேறிகள் புது நிலம் தேடிப் போனார்கள். தக்காளி, கத்தரிக்குப் பின் இதை நடுவதும் சரியல்ல. வேர்முடிச்சு நூற்புழு இரண்டுக்கும் பொது எதிரி. இடையில் தானியப் பயிர் போடலாம்.

உரத்தில் இரண்டு தவறுகள். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலை பெரிதாகும், ஆனால் பழுக்காமல் பச்சையாகவே நின்று, பதப்படுத்தும்போது காலை வாரும். சாம்பல் சத்துக்கு மூரியேட் ஆஃப் பொட்டாஷ் போட்டால் அதிலுள்ள குளோரைடு இலையில் சேர்ந்து, இலை சரியாக எரியாது. சல்ஃபேட் ஆஃப் பொட்டாஷ்தான் ஏற்றது. உப்புநீர்ப் பாசனமும் இதே வேலையைச் செய்யும்.

பூங்கொத்தைக் கிள்ளுவது பலருக்கும் தெரியும். பூவுக்குப் போக வேண்டிய சத்து இலைக்குத் திரும்பி இலை தடிக்கும், வேரில் உருவாகும் நிகோட்டினும் கூடும். ஆனால் கிள்ளியதோடு விட்டால், இலைக் கக்கத்திலிருந்து பக்கக் கிளைகள் கிளம்பி அந்தச் சத்தைத் தின்றுவிடும். அவற்றையும் விடாமல் ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இலையில் வெளிர் திட்டுகள் விழும் தேமல் நோயைப் பரப்புவது பெரும்பாலும் நம் கைதான். 1892-இல் ரஷ்ய விஞ்ஞானி இவானோவ்ஸ்கி, நோயுற்ற இலையின் சாற்றைப் பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியில் வடித்தும் நோய் தொற்றுவதைக் கண்டார். 1898-இல் டச்சு விஞ்ஞானி பெய்ஜெரிங்க் அந்த நோய்க்கிருமியை வைரஸ் என்றார். அந்த வைரஸ் காய்ந்த புகையிலையிலும் பிழைத்திருக்கும். அதாவது, புகையிலை மென்ற கையோடு நாற்றுப் பிடுங்குகிறவர் நோயையும் சேர்த்து நடுகிறார்! முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்; தேமல் கண்ட செடியைத் தொட்ட கையால் நல்ல செடியைத் தொடக் கூடாது.

சூளைச் சூட்டில் உலர்த்திப் பதப்படுத்தும் புகையிலை வகையில், காரியத்தைக் கெடுப்பது அவசரம். பறித்த இலை உடனே செத்துவிடுவதில்லை. அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறிக்கொண்டிருக்கும். 35 முதல் 40 டிகிரி செல்சியஸில், ஈரப்பதத்தோடு, அது மஞ்சளாகும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் சூட்டை ஏற்றினால் பச்சை அப்படியே உறைந்துவிடும், அப்புறம் என்ன செய்தாலும் போகாது. மஞ்சளான பின்பும் ஏற்றாமல் விட்டால் இலை பழுப்பேறும். நடு நரம்பு காய்வதற்கான 70 டிகிரியை ஒட்டிய சூடு கடைசிக் கட்டத்துக்குத்தான்.

பனி ஈரம் காயும் முன் இலை பறிப்பதையும் சொல்லியாக வேண்டும். ஈர இலையிலிருந்து நிகோட்டின் தோல் வழியே உடம்புக்குள் போய்த் தலைசுற்றல், குமட்டல், வாந்தி வரும், புகைக்காதவர்களுக்கும்தான். கையுறையும் முழுக்கைச் சட்டையும் அவசியம். சட்டை நனைந்துவிட்டால், உடம்பிலேயே காயட்டும் என்று விடாமல் உடனே மாற்றிக்கொண்டு தோலைக் கழுவ வேண்டும்.