சி.டி.4 எண்ணை மட்டும் பார்த்து ஏ.ஆர்.டி. சிகிச்சையை எடைபோடாதீர்கள்

எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள் எடுக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து மாத்திரையை எதிர்ப்பாற்றல் ஊட்டும் சத்து மருந்து என்று நினைப்பதிலிருந்துதான் பல தவறுகள் தொடங்குகின்றன. அது எதையும் ஊட்டுவதில்லை, எச்.ஐ.வி. பெருகுவதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். இந்தியாவின் அரசு மையங்களில் இன்று பெரும்பாலானோர் பெறும் ஒற்றை மாத்திரையில் டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் என மூன்று மருந்துகள் உள்ளன. முதல் இரண்டும் வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றவிடாமல் தடுக்கின்றன. மூன்றாவது, அந்த டி.என்.ஏ. நம் செல்லின் மரபணுவுக்குள் நுழையவிடாமல் நிறுத்துகிறது. இந்த வைரஸால் அழிந்த சி.டி.4 எனும் எதிர்ப்பு வெள்ளையணுக்களை மீண்டும் பெருக்குவது உடல் தானாகச் செய்யும் வேலை.

இரண்டின் வேகமும் வேறு. வைரஸ் அளவு சில வாரங்களிலேயே சரிந்துவிடும், சி.டி.4 ஏறுவதற்கு ஆண்டுகள் ஆகலாம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் அதன் எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கிய பிறகு சிகிச்சை தொடங்கியவர்களில் சிலருக்கு அது முழுமையாக மீளாமலும் போகும். போன முறை 340, இந்த முறை 290 என்று வந்தால் மனம் உடைந்துபோகிறவர்கள் பலர். சளிக் காய்ச்சலும், ரத்தம் எடுத்த நேரமும்கூட அந்த எண்ணைக் கூட்டிக் குறைக்கும். மருந்து வேலை செய்கிறதா என்பதை ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வைரல் லோடு பரிசோதனையிடம்தான் கேட்க வேண்டும்.

எண் நன்றாக ஏறியதும் மருந்துக்கு ஓய்வு கொடுப்பது இதற்கு நேரெதிரான தவறு. ஸ்மார்ட் என்ற பன்னாட்டு ஆய்வு இதைச் சோதித்தே பார்த்தது. 5,472 பேரில் ஒரு பிரிவினருக்கு சி.டி.4 350ஐத் தாண்டியதும் மருந்தை நிறுத்தி, 250க்குக் கீழே வந்தால் மீண்டும் கொடுத்தார்கள். அவர்களிடம் எதிர்ப்பாற்றல் குறையும்போது தாக்கும் சந்தர்ப்பவாத நோய்களும் மரணமும் இரண்டு மடங்குக்கு மேல் கூடியதால் 2006இல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். இதயம், சிறுநீரகம், கல்லீரல் தொடர்பான பாதிப்புகளும் அவர்களுக்கே அதிகம். ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை என்றால் அது உடலுறவின் வழியே பிறருக்குப் பரவாது. ஆனால் பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் ‘நினைவு’ சி.டி.4 அணுக்களுக்குள் அது உறங்கிக்கொண்டுதான் இருக்கும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் எழுந்துவிடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, முதல் சில வாரங்களில் நடப்பது. மாத்திரை தொடங்கி மூன்று வாரம் ஆகியிருக்கும். கழுத்தில் நெறி கட்டும், மாலையில் காய்ச்சல் வரும், அதற்கு முன் இல்லாத இருமலும் சேர்ந்துகொள்ளும். "இந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டில் முடிவு செய்து டப்பாவை எடுத்து வைத்துவிடுவார்கள். பல நேரம் அங்கே நடப்பது வேறு. உடலில் ஏற்கெனவே காசநோய்க் கிருமி இருந்திருக்கும். அதை எதிர்க்கக்கூடத் திராணியில்லாமல் கிடந்த எதிர்ப்பு அணுக்கள் இப்போது தெம்பு பெற்று மொத்தமாகப் பாய்கின்றன. அந்தச் சண்டையின் வீக்கம்தான் வெளியே தெரிகிறது. சி.டி.4 மிகக் குறைந்த நிலையில் தொடங்குவோருக்கு இது வர வாய்ப்பு அதிகம். உடனே மையத்துக்குப் போக வேண்டும், ஏ.ஆர்.டி.யைத் தானாக நிறுத்தக் கூடாது. பெரும்பாலும் அதைத் தொடர்ந்துகொண்டே காசநோய்க்கு மருந்து கொடுப்பார்கள், தேவையானால் ஸ்டீராய்டும் சேர்ப்பார்கள்.

இதனால்தான் தொடங்கும் முன் இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை பற்றித் துருவித் துருவிக் கேட்கிறார்கள். சீக்கிரம் மருந்து கிடைக்கட்டும் என்று அவற்றை மறைப்பவர் தனக்கே குழி வெட்டிக்கொள்கிறார். மூளைக்காய்ச்சல் இருப்பவருக்கு ஏ.ஆர்.டி.யைச் சில வாரம் தள்ளிப்போடுவதும் இந்தக் காரணத்தால்தான். மண்டைக்குள் வீங்க இடமில்லை.

எதிர்ப்பாற்றல் கூடும் என்று லேகியமும் பொடியும் சேர்ப்பவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாப்பிடுவது நல்லது. சாதாரண இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளே வெறும் வயிற்றில் டொலுடெக்ராவிரோடு சேர்ந்தால் அதை உடல் உறிஞ்சவிடாமல் செய்துவிடும். உணவோடு சேர்த்து எடுத்தால் சிக்கல் இல்லை. இல்லாவிட்டால் அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ டொலுடெக்ராவிர் எடுக்க வேண்டும். காசநோய்க்கான ரிபாம்பிசின் அதன் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும் என்பதால், அந்த மருந்து எடுக்கும் காலத்தில் 12 மணி நேரம் கழித்து இன்னொரு டொலுடெக்ராவிர் மாத்திரை தருவார்கள். இரண்டாவது மாத்திரை எதற்கு என்று அதை விட்டுவிடக் கூடாது.