ஆக்‌ஷன் தொடருக்கு நாயகனை எழுதுவது எப்படி?

ஆக்‌ஷன் தொடர் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் வண்டி, ஆயுதம், வெடி இவற்றில்தான் தொடங்குகிறார்கள். ஒரு போர் ஹெலிகாப்டரைச் சுற்றி ஓடிய ‘ஏர்வுல்ஃப்’ என்ற அமெரிக்கத் தொடரின் நான்காவது சீசனில் (1987) ஹெலிகாப்டர் அதேதான், பறக்கும் காட்சிகளில் பலவும் பழையவையே. நாயகனும் கூட்டாளிகளும் மட்டும் மாறினார்கள். அந்த சீசனோடு கடை மூடியது. ஒரே நாளின் கதையை மணிக்கு ஒரு எபிசோடாகச் சொன்ன ‘24’ தொடர், பயங்கரவாதத் தடுப்பு அதிகாரி ஜாக் பாவரை வைத்து 2001 முதல் 2010 வரை எட்டு சீசன் ஓடியது. அதே கடிகாரத்தோடு, அவன் இல்லாமல் 2017-ல் வந்த ‘24: லெகஸி’ 12 எபிசோடில் நின்றது. ஆக, தொடரைத் தாங்குவது வண்டியோ கடிகாரமோ அல்ல, நாயகன்தான்.

முதல் எபிசோடுக்கு முன்பே மூன்று விஷயங்களை ஒரே பக்கத்தில் எழுதிவிடுங்கள்: நாயகனுக்கு என்ன கைவரும், எதைத் தொடமாட்டான், அவன் தப்புச் செய்தால் யார் அடிபடுவார்கள். முதலாவதை எல்லோரும் நன்றாகவே எழுதுவார்கள். கதையை இழுப்பது இரண்டாவது. ‘மெக்கைவர்’ தொடரின் நாயகன் துப்பாக்கி எடுக்கமாட்டான் என்பதால்தான் பூட்டிய அறை ஒவ்வொன்றும் அவனுக்குப் புதுக் கணக்கு. மூன்றாவதுக்கு ‘24’ முதல் சீசனைப் பாருங்கள்: அதிபர் தேர்தலில் நிற்கும் செனட்டர் பால்மரைக் கொல்லச் சதி நடக்கும் அதே நாளில் ஜாக்கின் மனைவியும் மகளும் கடத்தப்படுகிறார்கள். முடிவில் மனைவி கொல்லப்படுகிறாள். அடுத்த சீசன் தொடங்கும்போது அவன் வேலையில் இல்லை, மகளும் ஒட்டவில்லை. போன சீசனின் இழப்பை இப்படிச் சுமக்க வைக்காவிட்டால் அடுத்த ஆபத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

சண்டைக் காட்சியை எழுதி முடித்ததும், நாயகன் பெயரை அடித்துவிட்டு வேறு பாத்திரத்தின் பெயரைப் போட்டுப் படியுங்கள். ஒரு வரிகூட மாற வேண்டியதில்லை என்றால் அது ஸ்டண்ட் மாஸ்டரின் காட்சி, உங்களுடையதல்ல. சண்டைக்கு முன்னால் அவன் மட்டுமே எடுக்கக்கூடிய ஒரு முடிவை வைத்து, திரும்ப எழுதுங்கள்.

இனி கால்ஷீட். ஒரு மணி நேர ஒளிபரப்பில், விளம்பரம் போகக் கையில் இருப்பது சுமார் 42 நிமிடம். அத்தனையிலும் நாயகன் நின்றால், ஒரு கணுக்கால் சுளுக்கில் மொத்தப் படப்பிடிப்பும் படுத்துவிடும். அவன் இல்லாமலே எடுக்கக்கூடிய ஒரு கிளைக்கதை எப்போதும் ஓடட்டும். ‘24’-ல் ஜாக்கின் அலுவலகமும் பால்மர் பக்கமும் அதற்குத்தான் உதவின. ஆனால் அங்கே தெரியவரும் செய்தி போன் வழியாகவாவது அவனிடம் வந்து, அவன் முடிவைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் பார்ப்பவர் அந்த நேரத்தில் எழுந்து போய்விடுவார்.

முதுகும் தூரமும் டூப்புக்கு. அடிவாங்கிய பிறகு வரும் முகம் நடிகருக்கே. முக்கிய நடிகர்கள் இல்லாத காட்சிகளைத் தனியாக எடுக்கும் செகண்ட் யூனிட்டிடம் அதை விட்டுவிடாதீர்கள். கதை ஒரே நாளில் நடக்கிறதென்றால் சட்டை சுத்தமாக, அழுக்காக, ரத்தக்கறையோடு என்று மூன்று நிலை வேண்டும். நடிகருக்கும் டூப்புக்கும் சேர்த்து குறைந்தது ஆறு. எந்தக் கையில் காயம், எந்தக் காட்சி வரை என்பதையும் கண்டின்யூட்டி தாளில், அதாவது காட்சிக்குக் காட்சி தோற்றம் மாறாமல் பார்த்துக்கொள்ளும் குறிப்பில், எழுதுங்கள்.

நடிகர் விலகினால், அவரைப் போலவே இன்னொருவரைத் தேடாதீர்கள். ‘த டியூக்ஸ் ஆஃப் ஹஸ்ஸார்ட்’ என்ற அமெரிக்கத் தொடர் 1982-ல் அதைச் செய்தது: இரு நாயகர்கள் பணத் தகராறில் வெளியேற, அதே வார்ப்பில் இரு உறவுக்காரர்களைக் கொண்டுவந்தார்கள். பார்வையாளர்கள் குறைந்தார்கள், அந்த சீசன் முடிவதற்குள் பழையவர்களே திரும்பினார்கள். புதியவனுக்கு வேறு திறமையும் வேறு தடையும் கொடுங்கள். பழையவன் இருக்கும்போதே இரண்டு மூன்று எபிசோடு முன்னதாக அவனை உள்ளே கொண்டுவந்து, பழையவன் எடுக்கவே துணியாத ஒரு முடிவை அவன் கையில் கொடுங்கள்.